செருப்புக்காகக் காலைத் தறிப்பதோ?

செருப்பு பொருந்தவில்லையெனில் வேறு செருப்பைத் தேடுவதே அறிவுடையார் செயல். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பது பேதைமை. இப்பழமொழியை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், அத்தகைய பேதை உலகில் எங்கே இருக்கிறான் என்று வியப்பதுண்டு. அவன் இருக்கிறான்; சில வேளைகளில் சட்டமியற்றும் அவையிலேயே அமர்ந்திருக்கிறான்.

யு.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. உலகின் மிதிவண்டிப் போட்டிகளுக்கெல்லாம் விதி வகுப்பது அதுவே. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் அது ஒரு விதியை அறிவித்தது. 2026 சனவரி முதல், சாலைப் போட்டிக்குரிய மிதிவண்டியின் கைப்பிடித் தண்டு வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை 400 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பிரேக் பிடிகளின் உட்புற இடைவெளி 320 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அதற்கு முன்னர்த் தண்டின் சிற்றளவு 350 மில்லிமீட்டராக இருந்தது. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று எண்ணற்க. நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி மிதிக்கும் ஒருத்தியின் தோளும் கழுத்தும் மணிக்கட்டும் அறியும், அந்த ஐந்து சென்டிமீட்டரின் கொடுமையை!

இவ்விதி பிறந்த காரணம் யாது? அகன்ற தோளுடைய ஆடவர் சிலர், காற்றின் எதிர்ப்பைக் குறைத்து விரைவு பெறும்பொருட்டுத் தம் உடலுக்குப் பொருந்தாத குறுகிய தண்டுகளைப் பூட்டினர். அவ்வாறு ஓட்டினால் வண்டி கட்டுக்குள் நில்லாது, விபத்து நேரும் என்று ஒன்றியம் அஞ்சியது. அச்சம் நியாயமானதே, பாதுகாப்பை வேண்டாவென்பார் எவருமிலர். ஆனால், அகன்ற தோளுக்குக் குறுகிய தண்டு ஆபத்தாயின், குறுகிய தோளுக்கு அகன்ற தண்டு மட்டும் ஆபத்தன்றோ? சிறிய உடலமைப்புடைய பெண்கள் குறுகிய தண்டைப் பூட்டுவது குறுக்கு வழியில் விரைவு தேடவன்று. அதுவே அவர்தம் தோளளவு. குற்றம் ஒருவர் செய்ய, தண்டனை மற்றொருவர்மேல் விழுந்தது.

வீராங்கனைகள் வாளாவிருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, ஒன்றியமும் சற்றே இறங்கி வந்து, பிரேக் பிடிகளின் இடைவெளியை 280 மில்லிமீட்டராகத் தளர்த்தியது. 400 என்னும் எண்ணோ அப்படியே நின்றது. விதி எழுதுமுன் கேட்டிருக்க வேண்டியதை எழுதிய பின்னர்க் கேட்பது எவ்வகை நீதி?

‘விதியென்றால் எல்லார்க்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; ஆளுக்கோர் அளவு வைத்தால் போட்டி எவ்வாறு நடக்கும்?’ என்பர் சிலர். இவ்வாதம் கேட்க இனிது, ஆராய்ந்தால் நில்லாது. நேரப் போட்டியில் முன்நீட்டிய கைத்தாங்கிகளின் அளவை, ஓட்டுநரின் உயரத்தைக் கொண்டு மூன்று வகையாக 2023இல் பிரித்தது இதே ஒன்றியந்தான். நெட்டையர்க்காக உடலளவைக் கணக்கில் கொள்ள இயலுமாயின், குறுந்தோளார்க்காகக் கொள்ள இயலாதா? இயலும், மனந்தான் இல்லை. எல்லார்க்கும் ஒன்று என்று சொல்லப்படும் அளவு, உண்மையில் ஆடவன் உடலில் எடுத்த அளவே.

வரலாற்றைப் புரட்டினால் இதன் வேர் தெரியும். ஒலிம்பிக்கில் ஆடவர்க்குச் சாலை மிதிவண்டிப் போட்டி 1896இலேயே நடந்தது. பெண்களுக்கு அது கிட்டியது 1984இல். ஆடவரின் டூர் டி பிரான்சு 1903இல் தொடங்கியது. 1984இல் தொடங்கிய பெண்கள் போட்டி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டு, இன்றைய வடிவில் 2022இல்தான் மீண்டது. 1924ஆம் ஆண்டு இத்தாலிய நெடும்போட்டியில் ஆடவரோடு ஓடிய அல்பொன்சினா ஸ்திராதா என்னும் பெண்மணியின் கைப்பிடித் தண்டு வழியில் முறிந்ததாகவும், துடைப்பக் கட்டையொன்றைப் பொருத்திக்கொண்டு அவர் ஓட்டியதாகவும் கூறுவர். காலக்கெடு கடந்ததால் தரவரிசையினின்று நீக்கப்பட்டும், அவர் மிலான் நகர்வரை ஓட்டி முடித்தார். நூறாண்டு கடந்தும் பெண்ணின் தடை அதே கைப்பிடித் தண்டில் வந்து நிற்பது காலத்தின் நகை போலும்!

தமிழ்மண்ணிலும் ஒரு சான்றுண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் வண்டிகளில் ஊர்வலம் வந்தனர். பெண்களுக்கான வண்டி போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குறுக்குத் தண்டில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதனையே விரும்பியோரும் உளர். ‘பார்த்தீர்களா, பழகிக்கொண்டனர்!’ என்று எதிர்வாதி துள்ள வேண்டா. அவர்கள் தமக்கு உகந்ததைத் தாமே தேர்ந்தனர். உனக்கு உகந்த வண்டியில் ஏறினால் உன்னைப் போட்டியினின்று நீக்குவோம் என்று அவர்களை எவரும் மிரட்டவில்லை.

பேராக் மாநிலத் தமிழர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, காண்டாவில் பால் வாளி சுமந்து நடந்தவள் பெண். மிதிவண்டியோ பெரும்பாலும் ஆடவன் உடைமையாகவே இருந்தது. அத்தோட்டங்களிற் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மனப்பாங்கு மட்டும் மாறிற்றா? ஈப்போவில் மக்கள் மிதிவண்டி ஓட்டரங்கம் இருக்கிறது. 1996இல் தொடங்கிய லங்காவி நெடும்போட்டியும் ஈப்போ வழியே சென்றதுண்டு. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மிதிவண்டி ஓட்டி, ஓட்டரங்க மிதிவண்டித் துறையில் ஒலிம்பிக் கண்ட முதல் மலேசியப் பெண்ணானார் பாத்தேஹா முஸ்தாப்பா. இத்தனை இருந்தும், பன்னிரண்டு வயது நிரம்பியதும் தமிழ்ச்சிறுமியின் மிதிவண்டி தம்பியின் கைக்கு மாறுவது எத்தனை வீடுகளில் இன்றும் நிகழ்கிறது! ஒன்றியத்தின் விதி ஏட்டில் இருக்கிறது. இவ்விதி ஏட்டிலும் இல்லை, ஆயினும் மீறப்படுவதில்லை.

ஆகவே, கடமை இரு முனைகளில் உண்டு. உலக அவை, விதியை எழுதுமுன் அதனைச் சுமப்பவளைக் கேட்க வேண்டும். தண்டை அளக்குமுன் தோளை அளக்க வேண்டும். தமிழாசிரியரோ, விளையாட்டுக் கருவி வாங்கும் நாளில் வகுப்பின் மிகச் சிறிய மாணவியையும் நினைவிற்கொண்டு வாங்க வேண்டும். சிறுமியின் வண்டியைப் பறிக்கும் பெற்றோரிடம் சென்று வழக்காட வேண்டும். அளவுகோல் மனிதனுக்காக உண்டாயிற்றேயன்றி, மனிதன் அளவுகோலுக்காக உண்டாகவில்லை. செருப்பு மாறட்டும், கால் நடக்கட்டும்!