ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்: மயூர் விஹாரின் ஈயத் தொழிலாளரும் ஓர் இரட்டை நீதியும்

பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீக்கிரையானபோது, அதன் கூரையிலும் கூம்பிலும் இருந்த 400 டன்னுக்கும் மேற்பட்ட காரீயம் நெருப்பின் வாய்ப்பட்டது. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, நச்சு உலோகம் வேண்டாம் என்ற எதிர்ப்புகளையும் மீறி, கூரை மறுபடியும் காரீயத்தாலேயே வேயப்பட்டிருந்தது. தகட்டை விரித்து, மரத்தின்மேல் தட்டி மடித்து, பொருத்து வாய்களை மூடிய கைவினைஞர்களை உலகம் போற்றியது. மரபு மீட்கப்பட்டது என்றார்கள். மகிழ்ச்சி.

அதே உலோகத்தைத் தீயால் இணைக்கும் கைகள் தில்லியின் மயூர் விஹாரிலும் இருக்கின்றன. மெட்ரோ நிலைய வாயிலில் வரிசைகட்டி நிற்கும் இ-ரிக்‌ஷாக்களுக்கும், அடுக்ககங்களில் இன்வெர்ட்டருக்கு அடியில் அமர்ந்திருக்கும் கனத்த மின்கலங்களுக்கும் உயிர்கொடுக்கும் கைகள் அவை. அந்தக் கைகளுக்கு மரபு என்ற பெயர் இல்லை. கைவினை என்ற பெயரும் இல்லை. ‘பேட்டரிவாலா’ என்பது ஒரு பெயர். ‘அமைப்புசாராத் துறை’ என்பது இன்னொரு பெயர். சுற்றுச்சூழல் பற்றிய உரையாடல்களில் ‘மாசின் ஊற்றுக்கண்’ என்பது மூன்றாம் பெயர். பெயர்கள் மூன்று, மரியாதை ஒன்றுகூட இல்லை.

இத்தொழில் யாதென அறியாதவர்களே இதனை எளிதில் இகழ்கிறார்கள். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. திடமாக இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருந்து, ஒரு நொடியில் நீராகி ஒழுகிவிடும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். அப்படலத்தைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளி ஒளி தெரிந்த பின்னரே தீயைக் காட்ட வேண்டும். இல்லையெனில் இரண்டு துண்டுகள் அருகருகே உருகுமேயன்றி ஒன்றாகா. பற்றாசு இல்லை; வேற்று உலோகம் இல்லை; ஈயத்தோடு ஈயமே சேர்கிறது. சுடரை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தக் கணத்தில் விலக்குவது என்பது கண்ணும் மணிக்கட்டும் அறிந்த கணக்கு. இங்கிலாந்தின் தேவாலயக் கூரைகளில் தகட்டை இணைப்பவருக்கும், மயூர் விஹாரில் மின்கலத்தின் தேய்ந்த முனையை மீண்டும் வார்ப்பவருக்கும் இந்தக் கணக்கு பொது. அங்கே ஆக்சிஜனும் அசிட்டிலினும் கொண்ட நுண்சுடர். இங்கே சமையல் எரிவாயுச் சுடர், அல்லது பழுதாகாத மற்றொரு மின்கலத்தின் மின்சாரத்திலேயே பழுக்கக் காயும் ஒரு கரித்துண்டு. கருவி எளியது என்பதால் திறன் எளியதாகிவிடாது. குறைந்த கருவியால் அதே வேலையைச் செய்பவனுக்குக் கூடுதல் திறன் வேண்டும்.

‘இந்தியாவில் ஈயக் கூரையே இல்லையே, பின் ஈய மரபு எங்கிருந்து வந்தது?’ என்பது படித்தவர்கள் எழுப்பும் முதல் வினா. கூரை வேரூன்றாததற்குக் காரணம் உண்டு. காரீயம் வெப்பத்தில் மிகுதியாக விரிவடைவது. 3 மீட்டர் நீளத் தகடு 60 பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீள்கிறது. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிச் சோர்ந்து வெடிக்கும். சாய்வான கூரையில் தன் எடையாலேயே மெல்ல நழுவவும் செய்யும். குளிர் நாடுகளிலேயே இதற்காகத் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் ஆணியடித்து, விரிவதற்கு இடம் விட்டு வேய்கிறார்கள். தில்லியின் மே மாத வெயிலுக்கு அது ஏற்றதன்று. எனவே இந்நாடு தன் கூரைகளைச் சுண்ணாம்பிடமும் செம்பிடமும் ஓட்டிடமும் ஒப்படைத்தது. சிதம்பரத்தில் பொன் வேய்ந்தார்கள். கேரளக் கோயில்களில் செப்புத் தகடு வேய்ந்தார்கள்.

ஆனால் தொழில் என்பது கூரை அன்று, கை. மேற்கிலும் ஈயத்தை இணைக்கும் கலை கூரையோடு நின்றுவிடவில்லை. அமிலத் தொட்டிகளுக்கு உள்ளுறை இட்ட கைகளும், பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈய-அமில மின்கலத்தை உருவாக்கியபின் அதன் தகடுகளை ஒன்றிணைத்த கைகளும் அக்கலைக்கு உரியனவே. அக்கலை இந்தியாவுக்கு வந்த வடிவம் கூரை அன்று, மின்கலம். தலைக்கு மேலே இருந்தால் மரபு, கட்டிலுக்கு அடியில் இருந்தால் குப்பை என்று வகுப்பது எந்த அறிவியல்? கோயிலோடும் அரண்மனையோடும் ஒட்டாத கைத்திறனைக் கைத்திறனாகவே காண மறுக்கும் பழக்கத்துக்கு அழகியல் என்று பெயரிட வேண்டாம். அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. தொழிலைக் கொண்டு மனிதரை அடுக்கிய சமூகத்தில் அப்பெயரைச் சொல்லத் தேவையில்லை.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 கைத்தொழில்களை மரபுத் தொழில்கள் என ஏற்றது. கொல்லர் உண்டு, பொற்கொல்லர் உண்டு, பூட்டுத் தொழிலாளர் உண்டு, மாலை தொடுப்போர் உண்டு. அவர்கள் அனைவரும் அங்கே இருக்க வேண்டியவர்களே. ஈயத்தை இணைப்பவர் அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை, கருவிக்கு உதவி இல்லை, பிணையற்ற கடன் இல்லை.

இனி நஞ்சு. இதை மறைத்துப் பேசுவது தொழிலாளருக்கே செய்யும் துரோகம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது நரம்பைத் தாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்தும் இரத்தத்துக்குத் திரும்பும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சிக்கொள்வது குழந்தையின் உடல். தந்தையின் சட்டையில் வீடு வந்து சேரும் தூசு போதும். இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. செனகல் நாட்டில், டக்கார் நகரையடுத்த தியாரோய் சுர் மேரில், பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரித்த குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்று தமிழில் ஓர் உவமை உண்டு. இந்த எண்கள் அப்படித்தான் விழ வேண்டும்.

எனினும் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்புவது நேர்மையன்று. தேய்ந்த முனையை வார்ப்பதும் அறுந்த இணைப்பை ஒட்டுவதும் ஒன்று. மின்கலத்தை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த உலையில் உருக்குவது மற்றொன்று. முதலாவது கிராம் கணக்கில் ஈயத்தைக் கையாள்வது. புகையை உறிஞ்சும் ஒரு குழாயும், ஈரத் துணியால் துடைக்கும் பழக்கமும், உண்ணுமுன் கை கழுவத் தண்ணீரும் இருந்தால் அதன் தீங்கை மிகவும் குறைக்கலாம். இரண்டாவது ஊரையே கொல்ல வல்லது. மேலும், முதலாவது வேலை நடக்கும்வரை மின்கலம் உலைக்குப் போவது தள்ளிப்போகிறது. பழுதுபார்ப்பவர் உருக்குவோரின் கூட்டாளி அல்லர். அவருக்கும் உலைக்கும் நடுவே நிற்கும் தடுப்பு.

சட்டம் இந்த வேறுபாட்டை எப்படிக் காண்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டபோது, முதலாவதாக எழுதியதே ஈய நஞ்சேற்றம். சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அச்சட்டம் பொதுவாக மின்விசையோடு 10 பேர், மின்விசையின்றி 20 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 20, 40 என இரட்டிப்பாக்கியது. ஒருவரும் ஒரு சிறுவனும் அமர்ந்திருக்கும் கடையில் நோய் வந்தால் அது நோயே அன்று என்பதுதான் இதன் பொருள். 2022 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் எத்தனை டன் திரும்பப் பெற வேண்டும் எனக் கணக்கிடுகின்றன. நல்ல விதிகள், ஆனால் அவற்றின் மையம் உலோகத்தின் பயணம், உழைப்பவரின் உடல் அன்று. ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் கணக்குண்டு. ஈயம் ஏறிய இரத்தத்துக்குக் கணக்கில்லை.

பாரிசில் என்ன நடந்தது? 2019 ஜூலையில் நோத்ருதாம் பணிகள் ஈயப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுத்தப்பட்டன. ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியபோது உடை மாற்றாமல் உள்ளே செல்லவும், குளிக்காமல் வெளியேறவும் எவருக்கும் அனுமதி இல்லை. அங்கே வேலையைக் காப்பாற்றுவதற்காக ஆபத்தைக் குறைத்தார்கள். இங்கே ஆபத்தைக் காட்டி வேலையை அழிக்கச் சொல்கிறார்கள். வேறுபாடு ஈயத்தில் இல்லை.

‘கடைகளை இழுத்து மூடுங்கள்’ என்பது குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இனிக்கும் தீர்வு. மூடினால் மின்கலம் மறைந்துவிடுமா? வெளிச்சத்தில் நடந்தது இருட்டுக்குப் போகும். யமுனையைத் தாண்டியோ மாநில எல்லையைத் தாண்டியோ, எவரும் பார்க்காத இடத்தில் எவருடைய குழந்தையோ மூச்சிழுக்கும். மயூர் விஹாரின் வரவேற்பறையில் மின்விசிறி சுழலும். அதன் விலையை வேறோர் ஊரின் மண் செலுத்தும். ‘லித்தியம் வந்துவிட்டது, ஈயம் தானே ஒழியும்’ என்பது மற்றொரு ஆறுதல். லித்தியம் வரட்டும். அதுவரை ஓடும் வண்டிகளில் உள்ளது ஈயம். ஒழியும் நாளில் உடைக்கப்படுவதும் அதே ஈயம்தான். ஒரு தொழில் முடியப்போகிறது என்பது அதைச் செய்பவரை இன்றே கைவிடுவதற்கு உரிமம் ஆகாது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. ஈயம் கையாளும் ஒவ்வொருவருக்கும், அவர்தம் குழந்தைகளுக்கும், ஆண்டுக்கு இருமுறை அரசு மருந்தகத்தில் இலவசமாக இரத்த ஈய அளவு பார்க்க வேண்டும். முடிவைக் காரணமாக்கிக் கடையை மூடக்கூடாது. முன்னறிவை ஏற்றுச் சான்றளிக்கும் முறை நாட்டில் ஏற்கெனவே உள்ளது. அதில் ஈய இணைப்பைச் சேர்க்க வேண்டும். புகையுறிஞ்சிக்கும் கழுவுநீருக்கும் ஆகும் செலவை, விரிவுபடுத்தப்பட்ட பொறுப்பு என்ற பெயரில் உற்பத்தியாளரே ஏற்க வேண்டும். அவர் விற்ற பொருளின் ஆயுளை நீட்டுபவர் இவர்தாம். உருக்கும் வேலை மட்டும் வடிகட்டியுள்ள உரிமம் பெற்ற உலைகளுக்கே செல்ல வேண்டும். அதில் இரக்கம் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத எவரும் ஈயத்தின் அருகே இருக்கக்கூடாது. அதிலும் இரக்கம் கூடாது.

ஈயத்தைக் கட்டுப்படுத்த இந்த நாட்டுக்குத் தெரியாது என்றும் கூற இயலாது. 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் அகற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டின் விதிகள் வீட்டு வண்ணப்பூச்சில் அதனைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என வரம்பிட்டன. அவை கார் வைத்திருப்போரும் சுவர் வைத்திருப்போரும் மூச்சுவிட்ட ஈயம். எஞ்சியிருப்பது உழைப்பவர் மூச்சுவிடும் ஈயம். அதனால்தான் அது எஞ்சியிருக்கிறது.

‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிய தெருக்களில் வளர்ந்த தமிழர் பலர் இன்று மயூர் விஹாரின் அடுக்ககங்களில் வாழ்கின்றனர். பழைய மின்கலத்தைக் கொடுத்துப் புதியதன் விலையில் சில நூறு ரூபாயைக் கழித்துக்கொள்ளும்போது அதே வணிகம்தான் நடக்கிறது: கனத்தைக் கொடுத்து இனிப்பை வாங்கிக்கொள்வது. அந்தக் கனம் யாருடைய எலும்பில் போய்த் தங்குகிறது என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. இனியாவது கேட்க வேண்டும்; பேரீச்சம்பழத்தை வாயில் இட்டுக்கொள்வதற்கு முன்.