அவர் ஜொகூரில், நீங்கள் கெடாவில்: விவாகரத்துக்குத் தூரம் தடையா?



தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு, பிழைப்பு தேடி நம் குடும்பங்கள் மாநிலம் மாநிலமாகச் சிதறின. மனைவி பிள்ளைகளோடு சுங்கை பட்டாணியில். பாசிர் கூடாங்கிற்கு வேலைக்குப் போன கணவர் பணமும் அனுப்புவதில்லை, போனும் எடுப்பதில்லை. இப்படி ஒரு வீடு உங்கள் தாமானிலும் இருக்கும். "அவர் அங்கே, நான் இங்கே, எப்படி விவாகரத்து கேட்பது?" என்று கேட்டுக் கேட்டே பத்து வருடம் ஓடிவிடுகிறது.

ஓடினால் என்ன நட்டம் என்கிறீர்களா? விவாகரத்து ஆகும்வரை சட்டப்படி அவர்தான் உங்கள் கணவர். நீங்கள் தனியாக உழைத்து வாங்கிய மலிவு விலை வீட்டிலும் அவர் பங்கு கேட்க வழி இருக்கலாம். உயில் எழுதாமல் நீங்கள் கண் மூடினால், உங்கள் பெற்றோரும் இல்லாத நிலையில், 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. மீதிதான் பிள்ளைகளுக்கு!

முஸ்லிம் அல்லாத நமக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம்தான். அது 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. மாநிலம் மாறினாலும் சட்டம் மாறாது.

திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்து, இருவரும் சம்மதித்தால், உயர்நீதிமன்றத்தில் கூட்டு மனு போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால், முதலில் தேசியப் பதிவிலாகாவின் திருமணத் தீர்ப்பாயத்திற்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. அழைப்பு அனுப்பியும் கணவர் வேண்டுமென்றே வராவிட்டால், உங்கள் மனு அதனால் நின்றுவிடாது. உங்களைக் கைவிட்டவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், தீர்ப்பாயத்திற்குப் போகாமலே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

சரி, எந்த ஊர்த் தீர்ப்பாயம்? இங்கேதான் நம் பெண்களுக்கு அநியாயம் நடக்கிறது. இருவரும் வெவ்வேறு வட்டாரத்தில் இருந்து, இடத்தில் உடன்பாடும் இல்லை என்றால், கடைசியாக ஒன்றாக வாழ்ந்த வட்டாரத் தீர்ப்பாயம்தான் என்கிறது 106ஆம் பிரிவு. ஜொகூரில் அடி வாங்கி, கைப்பிள்ளையோடு கெடாவில் உள்ள தாய் வீட்டுக்கு ஓடி வந்தவள், மறுபடியும் ஜொகூருக்கே பஸ் ஏற வேண்டுமா? தொழிற்சாலையில் நாள் சம்பளம் போகும். பஸ் காசு யார் தருவது? அவள் பயத்துக்கு யார் பதில் சொல்வது?

பிள்ளைகளை வளர்ப்பவர் தன் வீட்டருகே உள்ள தீர்ப்பாயத்திற்குப் போகலாம் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழ் தெரிந்தவர்களும் அந்தக் குழுவில் அமர வேண்டும். நம் ஓட்டு கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். விசேஷ சூழ்நிலை இருந்தால் தீர்ப்பாயத்திற்குப் போவதிலிருந்து விலக்கு அளிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், போலீஸ் புகார் இருந்தால் அதன் நகல், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்கோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திற்கோ போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அவை இருக்கின்றன.

"ஊர் என்ன சொல்லும்" என்று பயப்படாதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பால் மாவு வாங்கித் தந்தது ஊர் அல்ல, நீங்கள்தான்.