எந்தக் காலனி?

இங்கிலீஷில் 'காலனி' என்ற சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு. ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டைப் பிடித்து ஆண்டால் அது காலனி. ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து குடியிருந்தால் காலனி. எறும்பு கூட்டமாக வாழ்ந்தால் காலனி. பாக்டீரியா ஓரிடத்தில் மண்டினாலும் காலனிதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் போய்க் கேளுங்கள், ஒரே அர்த்தம்தான் வரும்: "அது எஸ்.சி. ஆளுங்க இருக்கிற எடம்." இந்த அர்த்தத்தை இங்கிலீஷ்காரன் கொடுக்கவில்லை. நம்மூர்ச் சாதி கொடுத்தது.

அதே சொல் நகரத்துக்குப் போனால் குளித்துவிட்டு வந்து நிற்கிறது. பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி, ரயில்வே காலனி. அங்கே வீடு இருக்கிறது என்று சொன்னால் மரியாதை. எம்.ஏ. படிக்கும்போது நகரத்தில் வாடகைக்கு அறை தேடிப் போனேன். "எந்த ஊரு தம்பி?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். சாதியைக் கேட்கவில்லையாம், விலாசம்தான் கேட்டாராம்! "காலனி" என்றேன். "சொந்தக்காரங்க வர்றாங்க, ரூம் காலியில்ல" என்றார். அவர் நின்று பேசிய தெருவுக்குப் பெயரும் ஏதோ ஒரு காலனிதான்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கொலோனுஸ்' என்றால் நிலத்தை உழுகிறவன். ரோமானியர் பிடித்த நாட்டில் போய்க் குடியேறி உழுத இடம் 'கொலோனியா'. ஜெர்மனியில் கொலோன் என்றொரு நகரம் இருக்கிறது, பெயரே இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த ஊர்ப் பெயரைச் சுமந்த யூடிகொலோனை இங்கே பணக்காரர்கள் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டார்கள். அங்கே வாசனையான சொல், இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லுகிற சொல். உழுகிறவன் என்ற அர்த்தமாவது பொருந்துகிறதா? உழுகிறவன் நாங்கள்தான். நிலம்தான் எங்களுடையதாக இல்லை.

சில பலகைகளில் மூணுசுழி 'ண' போட்டு 'ஆதிதிராவிடர் காலணி' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காலணி என்றால் செருப்பு. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த சனத்தின் வாசலில் இப்படி ஒரு பலகை. எழுத்துப்பிழைகூட நம்மிடம் வந்தால் சாதியைத்தான் பேசுகிறது.

காலனிக்கு முன்னால் சேரி. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் பழைய அர்த்தம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் இருக்கிறது, கம்மாணச்சேரியும் இருக்கிறது. புதுச்சேரி, வேளச்சேரி என்று சொல்ல இன்றைக்கும் யாருக்கும் நா கூசவில்லை. வெறும் 'சேரி' என்றால் மட்டும் கூசுகிறது. பிறகு அரிஜனக் காலனி வந்தது, ஆதிதிராவிடர் காலனி வந்தது. அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது, வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கே கட்டியது? ஊருக்கு வெளியில், பழைய சேரிக்குப் பக்கத்தில். மனு போட்ட கோட்டின் மேலேயே சிமெண்ட் பூசிக் கொடுத்தது.

29.4.2025 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்டது என்பதை அரசே ஒப்புக்கொண்டதை வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: சொல் போனால் சுவர் போகுமா? உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆயிற்று. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் கொளுத்தியவர்கள் நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள், அண்ணா நகரையும் கொளுத்தினார்கள். தலைவர் பெயர் வைத்த நகர் என்று தீ விலகிப் போகவில்லை. யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

பின்காலனியம் பேசுகிற அறிவுஜீவிகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. அல்ஜீரியாவைப் பற்றி எழுதுகிறீர்கள், சந்தோஷம். உங்க ஊர்க் கடைசியில் ஒரு காலனி இருக்கே, அதைப்பற்றி எப்போ எழுதப் போறீங்க? வெள்ளைக்காரனின் காலனிக்கு 1947இல் கொடி இறக்கியாச்சு. இந்தக் காலனிக்கு எந்த வருசம்?

மாற்ற வேண்டிய சொல் உண்மையில் இன்னொன்று. அது இங்கிலீஷ் இல்லை, நல்ல தமிழ்: 'ஊர்'. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்த்திருவிழா, ஊர்க்கிணறு. இந்த எதிலும் நாம் இல்லை. வருவாய்த்துறைக் கணக்கில் காலனியும் சேர்ந்ததுதான் கிராமம், வாய்ப்பேச்சில் ஊர் என்றால் அவர்கள் மட்டும். காலனி என்ற பெயரை எடுத்துவிட்டு நகர் என்று வைத்தால், நாளைக்கு "ஊருக்குள்ளயா, நகரா?" என்று கேட்பான். சேரிக்கு நடந்தது காலனிக்கு நடந்தது, நகருக்கும் நடக்கும்.

அதனால் பலகையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பொதுச் சுடுகாடு வேண்டும். கோயில் தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும். 1892இல் நமக்கென்று ஒதுக்கி, பிறர் கைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனையும் போட்ட பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். அதைக் கேட்டதற்காகத்தான் 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த நிலம் கைக்கு வரட்டும். உழுகிறவன் என்ற பழைய அர்த்தம் அப்போதுதான் அந்தச் சொல்லுக்குத் திரும்பும். அதுவரை எங்களுக்கு என்ன பெயர் வைத்தாலும் சாதி அதை ஒரே நாளில் மொழிபெயர்த்துவிடும்.