மொஹரம் நாளில் மட்டும் வருகிறவர்கள்

தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூர் என்ற ஊர் நம்மில் பலருக்கும் ஆண்டுக்கு ஒருநாள்தான் ஞாபகத்துக்கு வரும். இந்துக்களே பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில் விரதமிருந்து மொஹரத்துக்குத் தீ மிதிக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கத்து முதுவன்திடலிலும் மொஹரத்துக்குப் பூக்குழி உண்டு. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். மேலே 'மதநல்லிணக்கம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பார்த்துப் பூரித்துப்போய் நாலு பேருக்கு அனுப்புவோம். அதோடு அடுத்த மொஹரம்தான். எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தத் தலைப்பு ஊர்க்காரர்களைப் பற்றியதே அல்ல. நாம் நல்லவர்கள் என்று நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் நற்சான்று அது. அதில் கையெழுத்துப் போட மட்டும் அந்த ஊர்கள் நமக்குத் தேவைப்படுகின்றன.

அந்த நாள் எதற்கானது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? கி.பி. 680இல், மொஹரம் மாதம் பத்தாம் நாள், கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டார். கூட வந்தவர்களுக்கு யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீர்கூட மறுக்கப்பட்டது. அதை நினைத்துத் துக்கம் காக்கிறவர்கள் உண்டு. நோன்பு வைக்கிறவர்கள் உண்டு. நாமோ காலையில் எழுந்ததும் 'மொஹரம் வாழ்த்துகள்' என்று பூங்கொத்துப் படத்தைத் தட்டிவிடுகிறோம். இழவு வீட்டில் போய் யாராவது வாழ்த்துச் சொல்வார்களா?

முதுவன்திடலில் பூக்குழி இறங்குவதோடு முடிவதில்லை. ஈரத்துணியால் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார, தணலை அள்ளி அவர்கள் தலைமேல் கொட்டுகிறார்கள். 'பூ மெழுகுதல்' என்று அதற்குப் பெயர். ஹுசைனின் தாய் பாத்திமா அந்த ஊருக்குப் பாத்திமா நாச்சியார். பிள்ளை வரம், நோய் நொடி, நல்ல விளைச்சல் என்று எல்லா வேண்டுதலும் அவரிடம்தான். நெருப்பு கொட்டுவதைப் படமெடுத்த நாம், அந்தப் பெண்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்டோமா? ஒரு காலத்தில் அங்கே இருந்த இஸ்லாமியக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. வழிபாட்டை விடாமல் காப்பது மற்றவர்கள்தான். போனவர்கள் ஏன் போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? 'நல்லிணக்கம்' என்று தலைப்புப் போட்ட பிறகு அந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னொன்றையும் ஒதுக்கிவிட்டோம். தீ மிதிப்பதும், உள்ளங்கை வடிவப் பஞ்சாவைத் தூக்கி ஊர்வலம் போவதும் மார்க்கத்தில் இல்லாதவை என்று சொல்லும் முஸ்லிம்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தலைமுறைகளாக வந்த வழக்கம் என்று நிற்கிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் நியாயங்கள் இருக்கின்றன. அதைக் காது கொடுத்துக் கேட்டால் நம் அழகான தலைப்பு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டோம்.

படத்தைப் பகிர்ந்த அதே வாரம் நகரத்தில் வீடு கேட்டு ஒரு முஸ்லிம் குடும்பம் வந்து நிற்கும். பெயரைக் கேட்டதும், 'இப்பத்தான் இன்னொருத்தருக்குப் பேசி முடிச்சோம்' என்போம். தெருவில் இருபது வருஷம் பழகியவரை 'பாய்' என்றே கூப்பிட்டுப் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே இருப்போம். பெருநாள் என்றால் நமக்குப் பிரியாணி வரும் நாள், அதற்குமேல் விசாரித்ததில்லை. புதூர்க்காரர்களும் முதுவன்திடல்காரர்களும் செய்வதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நம் தெருவில் நாம் செய்யவில்லை. அவர்களுடைய நெருப்பில் நாம் குளிர்காய்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்தான். அதனால் மொஹரம் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். அடுத்தது எந்தத் தேதி என்று காலண்டரைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கூப்பிட்டால் போங்கள். முதலில் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு காலியாக இருந்தால், இருக்கிறது என்று சொல்லுங்கள். இதைச் செய்யும்வரை 'மதநல்லிணக்கம்' என்ற தலைப்பை எழுதவும் பகிரவும் நமக்கு யோக்கியதை இல்லை.