மணல் போட்ட கோலம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்றைக்கே என் ரூம்மேட் யோசனை சொல்லிவிட்டான். "மாப்ள, 'இளைஞனே விழித்தெழு'ன்னு ஒண்ணு எழுதிக் குடுத்துடு. வருஷா வருஷம் அதான வருது!" நானும் உட்கார்ந்தேன். இரண்டு பாராவுக்கு மேல் ஓடவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த மூன்று வருஷத்தில் நானே நிஜமாக விழித்துக்கொண்டது ஒரே ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான். அடுத்தவனை எழுப்புவதற்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதிலிருந்து எனக்குப் படம் வரையப் பிடிக்கும். பத்தாவது முடித்ததும், "பிளஸ் டூ படிச்சுட்டு கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்குப் போறேன்ப்பா" என்றேன். "குடும்பத்துல ஒருத்தன் அங்க போனது போதாதா? நீ டிப்ளமோ சேரு" என்றார் அப்பா. அந்த 'ஒருத்தன்' என் பெரியம்மா மகன். அண்ணன் அங்கேதான் படிக்கிறார். இங்கே சேர்ந்த புதிதில் ஹாஸ்டலில் நான் வரைந்துகொண்டிருந்தால், "டேய், பிக்காசோ வந்துட்டாருடா" என்று ஒரே கூத்து! கேலிக்குப் பயந்து நோட்டுப் புத்தகத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டேன். இரண்டு வருஷம் அதை எடுக்கவே இல்லை.

போன பொங்கல் லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். அவருக்கு எதிலும் ஆசை விடாது. காலையில் களிமண், மாலையில் வயலின் வகுப்பு, ராத்திரியில் ஏதாவது விநோதமான புத்தகம். கையில் வயலின் வில் மட்டும் இருந்தது. வந்ததும் வராததுமாக, "தம்பி, உங்க ஷாப்புல ஒரு தகடு கிடைக்குமாடா?" என்றார்.

அரியர் மாணவர்கள் பாக்கி ஜாபை முடிப்பதற்காக அன்று ஒர்க் ஷாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் அனுமதி வாங்கி, ஸ்கிராப்பில் கிடந்த ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைச் சதுரமாக வெட்டி, விளிம்பைப் பிசிறில்லாமல் அரம் போட்டு, நடுவில் துளையிட்டு போல்ட்டில் மாட்டி, பெஞ்ச் வைஸில் பிடித்தோம். ஃபவுண்டரியிலிருந்து சலித்த காய்ந்த மணல் ஒரு பிடி. அண்ணன் மணலைத் தூவினார். ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, மூலைக்குப் பக்கத்தில் வில்லை மேலிருந்து கீழாக இழுத்தார்.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த இழுப்பில் சுத்தமான ஒரு சுருதி. தகட்டில் இருந்த மணல் துள்ளி, ஓடி, கூட்டல் குறி போல இரண்டு கோடாக வந்து நின்றது! விரலை மூலைக்கு மாற்றி நடுவில் இழுத்தார். கூட்டல் குறி பெருக்கல் குறி ஆயிற்று. சுருதி ஏற ஏறக் கோடுகள் வளைந்து, பிரிந்து, வாசலில் அம்மா போடும் கோலம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் வரையவில்லை, சத்தம் வரைந்தது.

தகடு அதிரும்போது எல்லா இடமும் ஒன்றுபோல ஆடுவதில்லை. ஆடும் இடத்திலிருந்து மணல் தள்ளப்பட்டு, ஆடாத கோட்டில் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான் விஷயம். 'வைப்ரேஷன்', 'நோடு' என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த வார்த்தைகள் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

பின்னால் ஒரு குரல்: "இன்னொரு தடவை போடு." திரும்பினால் இன்ஸ்ட்ரக்டர் சார். திட்டு விழும் என்று பயந்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "துளை சரியா நடுவுல இல்லப்பா. அதான் படம் ஒரு பக்கமா சாயுது. மார்க் பண்ணிட்டுப் போட வேணாமா?" என்றார். மூன்றே நிமிஷத்தில் வேறு தகடு தயார். அதில் விழுந்த கோலம் அச்சு எடுத்த மாதிரி இருந்தது.

இந்த வேடிக்கையை 1787-ல் புத்தகமாக எழுதியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர். அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 1680-ல், ராபர்ட் ஹூக் கண்ணாடித் தகட்டில் மாவைத் தூவி இதே மாதிரி பார்த்திருக்கிறார். கிளாட்னியின் அப்பா சட்டப் பேராசிரியர். மகனும் சட்டம்தான் படிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. (எந்த ஊராக இருந்தாலும் அப்பாக்கள் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!) மகன் சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். 1782-ல் அப்பா காலமான பிறகுதான் ஒலி ஆராய்ச்சியில் முழுசாக இறங்கினார். விண்ணிலிருந்து கல் விழுகிறது என்று 1794-ல் அவர் எழுதியபோது படித்தவர்களே நம்பவில்லை. 1803-ல் பிரான்ஸில் லேகிள் என்ற ஊரில் கல்மாரி பொழிந்த பிறகுதான் வாயை மூடினார்கள்.

கிளாட்னி 1809-ல் இந்த மணல் படத்தை நெப்போலியனுக்குச் செய்து காட்டினார். இதற்குக் கணக்கு சொல்பவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று அறிவிப்பு வந்தது. மூன்று தடவை முயன்று 1816-ல் அந்தப் பரிசை வென்றவர் சோஃபி ஜெர்மைன் என்ற பெண். பெண்களைச் சேர்க்காத பாரிஸ் பாலிடெக்னிக் பள்ளியின் பாடக் குறிப்புகளை, ஓர் ஆண் மாணவன் பேரில் வாங்கிப் படித்தவர் அவர். நம் சகோதரிகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, அன்றைக்கு நடந்த இன்னொரு சம்பவத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

எங்களோடு படிக்கும் நண்பன் ஒருவன் அடுத்த பெஞ்சில் ஜாப் ஃபைலிங் செய்துகொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "மிருதங்கத்துல கரணை எதுக்கு வைக்கிறாங்கன்னு தெரியுமா?" என்றான். யாருக்கும் தெரியவில்லை. அவன் சொல்ல ஆரம்பித்தான். வடித்த சோற்றோடு ஒரு வகைக் கல் பொடியைச் சேர்த்துப் பிசைய வேண்டும். ஒரே தடவையில் அப்பக் கூடாது. மெல்லிசாக ஒரு பூச்சு, கல்லால் தேய்த்துக் காய வைத்து அதன்மேல் இன்னொரு பூச்சு. தட்டிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு பூச்சு கூடினாலும் நாதம் போச்சு!

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எங்க அப்பா மிருதங்கம் செய்யறவர்."

மூன்று வருஷமாகப் பக்கத்து ரூம். ஒரு நாள்கூட அவன் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி கேட்டேன். "தோல் வேலைன்னு சொன்னா நீங்கள்லாம் என்ன நினைப்பீங்களோன்னுதான்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நான் நோட்டை ஒளித்தது கேலிக்குப் பயந்து. அவன் அப்பாவையே ஒளிக்க வேண்டியிருந்திருக்கிறது. (அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

அண்ணன் அப்போது சி.வி. ராமன் கதையைச் சொன்னார். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்பு, 1920-ல், ராமன் 'நேச்சர்' இதழில் மிருதங்கம் பற்றி எழுதினார். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். அதனால்தான் சாதாரண முரசில் சத்தம் இருக்கும், சுருதி இருக்காது. கரணை வைத்த தோலில் அவை 1, 2, 3, 4, 5 என்று தந்தி வாத்தியம் மாதிரி வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதை ராமன் கண்டார். 1934-ல் விரிவாக எழுதியபோது, மிருதங்கத் தோலின்மேல் மணலைத் தூவியே காட்டினார்!

ராமன் கணக்குப் போட்டார், உலகம் கைதட்டியது. நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கைக் காதாலேயே போட்டு வைத்திருந்த கைகள் யாருடையவை? நம் நண்பனின் அப்பா மாதிரி பேர் போடாத ஆசாரிகளும் தொழிலாளிகளும்தானே?

இன்னொன்று. ராமன் 1907 முதல் 1917 வரை நிதித் துறையில் அதிகாரி. கல்கத்தாவில் ஆபீசுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் வயலினையும் வீணையையும் குடைந்துகொண்டிருந்தார். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும்?

நம்மிடமும் எல்லோரும் கேட்பது இந்தக் கேள்விதான். 'இதனால என்ன பிரயோஜனம்?' படம் வரைந்தால் வேலை கிடைக்குமா? பாட்டுக் கேட்டால் அரியர் போகுமா? கேள்வி தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது, கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது. எனக்கும் தெரியும். பால் கிளே என்ற பெரிய ஓவியரின் ஆரம்ப காலத்தில் குடும்பம் நடந்தது அவர் மனைவி பியானோ சொல்லிக்கொடுத்த காசில்தான். கலை மட்டுமே சோறு போடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்காதீர்கள் என்பதுதான்.

அந்தக் கிளே வயலின் கலைஞரும்கூட. 1921 முதல் 1931 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் ஆசிரியர். 1919-ல் தொடங்கிய அந்தப் பள்ளி ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் மாதிரி. தச்சு, உலோகம், நெசவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாப். தொடக்கத்தில் ஷாப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழில் தெரிந்த மேஸ்திரி, இன்னொருவர் ஓவியர். கிளே தன் மாணவர்களுக்கு விளக்கிய விஷயங்களில் கிளாட்னியின் மணல் தகடும் ஒன்று! 1922 டிசம்பரில் அவருடைய படங்களும் காண்டின்ஸ்கியின் படங்களும் கல்கத்தாவுக்கு வந்து கண்காட்சியில் இருந்தன. நாம் நினைப்பது போல இதெல்லாம் எட்டாத தூரம் இல்லை.

சிவில் நண்பர்களுக்கு ஒருவரைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். யானிஸ் செனாகிஸ், 1947-ல் ஏதென்ஸ் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தவர். உள்நாட்டுச் சண்டையில் ஒரு கண்ணை இழந்து, பிரான்ஸுக்குத் தப்பி வந்து, லே கார்புசியே அலுவலகத்தில் கான்கிரீட் கணக்குப் போட்டார். பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் இசை. வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் கிராஃப் தாளில் நேர்கோடுகளாக வரைந்தார். நேர்கோடுகள் சேர்ந்து வளைந்த பரப்பு ஆவதை நம் டிராயிங் ஹாலில் பார்க்கிறோமே, அதேதான். அந்த வளைவே 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பிலிப்ஸ் மண்டபத்தின் கான்கிரீட் கூரை ஆயிற்று. இசையிலிருந்து ஒரு கட்டடம்! கம்ப்யூட்டர் பிரிவினருக்கு வாசல் கோலமே போதும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆராய்ந்தவர்களும் 1974-ல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

நண்பர்களே! நம் ஹாஸ்டலில் எத்தனை பேர் எதையெதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பறை அடிக்கத் தெரிந்தவன், பாய் நெய்யத் தெரிந்தவன், புல்லாங்குழல் ஊதுகிறவன், நட்சத்திரம் பார்க்கிறவன்... எல்லோரும் இருப்பார்கள். கேலி ஒன்றுதான் தடுக்கிறது. அந்தக் கேலியில் எனக்கும் பங்கு உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. ஆண்டு விழா லைட் மியூசிக்குக்கு ஆகும் செலவில் சிறு பகுதி போதும். ஒரு பூட்டுப் போட்ட அலமாரி, வாரத்தில் ஒரு மாலை, காலியாகக் கிடக்கும் ஓர் அறை. வந்தவர் தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து காட்டட்டும். வந்தால் ஒரே ஒரு விதி: "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் வாரத்துக்கு ஆள் தயார். நம் நண்பனின் அப்பா ஒரு மிருதங்கத்தோடு வந்து கரணை வைத்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார். போனில் கேட்டபோது, "காலேஜுக்கா? நானா? என்னத்தப் பேச?" என்று மூன்று தடவை கேட்டாராம். பேச வேண்டாம்ப்பா, செய்யுங்க, நாங்க பாக்கறோம் என்று இவன் சொன்னானாம். மணல் நான் கொண்டுவருகிறேன். துளையை இந்தத் தடவை சரியாக நடுவில் போடுகிறேன் சார்!



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்