அழ ஓர் இடம் தந்த நாவல்

கிறிஸ்துமஸ் கால நாவல்களை வெறும் கண்ணீர்க் கதைகள் என்று விமர்சகர்கள் ஒதுக்குவதுண்டு. ‘தி கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ நாவலை அப்படித் தள்ளிவிடுவது நியாயமல்ல.

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பால் எவன்ஸ் தம் இரு மகள்களுக்காக எழுதி, 1993-இல் சொந்தச் செலவில் வெளியிட்ட சிறு நூல் அது. அவருடைய தாய்க்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அந்தத் துக்கமே கதையின் ஊற்று. நாவலில் வரும் மூதாட்டி, இறந்துபோன மகளுக்கு எழுதிய கடிதங்களைப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்.

பிள்ளையை இழந்த பெற்றோர் கதையில் வரும் தேவதைச் சிலையைத் தேடத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் சால்ட் லேக் சிட்டி கல்லறைத் தோட்டத்தில் சிலையே எழுந்தது: குழந்தை முகம், விரித்த கைகள்.

“காலம் ஆற்றும்” என்று சொல்லி எல்லோரும் நகர்ந்துவிடும்போது, அழ ஓர் இடம் தந்தது இந்த நாவல். டிசம்பர் 6 அன்று பெற்றோர் மெழுகுவத்தியோடு அங்கே கூடி, சிலையின் காலடியில் வெள்ளைப் பூ வைக்கிறார்கள்.