ரூஃபஸ் ஜோன்ஸ் பிரசிடெண்டு ஆன கதை

எங்க ஊர்ப்பக்கம் பிரசிடெண்டுன்னா பஞ்சாயத்துத் தலைவர்தான். அதனாலோ என்னவோ, ‘ரூஃபஸ் ஜோன்ஸ் ஃபார் பிரசிடெண்ட்’ என்ற பெயரே என்னை இழுத்தது. 1933இல் அமெரிக்காவின் வைட்டாஃபோன் நிறுவனம் வெளியிட்ட, பாட்டும் சிரிப்புமான குறும்படம். ராய் மேக் இயக்கியது. இருபது நிமிசம் சொச்சம். நடித்தவர்கள் கருப்பர்கள். தாயாக எத்தல் வாட்டர்ஸ், மகனாக ஏழு வயசுப் பொடியன் சாமி டேவிஸ் ஜூனியர்.

அழுகிற பிள்ளையை, நீ பிரசிடெண்டாவே ஆவடா என்று தேற்றுகிறாள் தாய். கனவு விரிகிறது. கருப்புப் பிள்ளை நாட்டின் ஜனாதிபதி! உடனே ஆரம்பிக்குது நக்கல். ஓட்டுக்குப் பன்றிக்கறித் துண்டு. செனட் சபையில் கோழிக்கூண்டும் தர்பூசணியும்தான் பேச்சு. அதிகாரத்துல இவனுங்கள உக்கார வச்சா இப்படித்தான் என்கிறது வெள்ளைத் திமிர். அன்றைக்குத் தெற்கு மாநிலங்களில் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று தடை போட்டுக் கருப்பர்களை ஓட்டுச்சாவடிக்கே அண்டவிடவில்லை. 1965இல்தான் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஓட்டே இல்லாதவனை ஓட்டை விக்கிறவனாகக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரல. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துக்குத் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30இல் பேருந்தை மறித்து அவரைச் சாதிவெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். அங்கே கேலி, இங்கே அரிவாள்.

கூடப் பார்த்த தோழர் பாதியிலேயே எழுந்துவிட்டார். “நம்மள மாதிரி சனத்த இழிவுபடுத்துற குப்பைய நாமளே உக்காந்து பாக்கணுமா?” நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் ஒத்துக்கல. குப்பைன்னு தள்ளினால் அந்தப் பொடியனின் கால்களையும் சேர்த்தல்லவா தள்ளணும்? அந்தக் காலுக்கு நக்கல் தெரியாது, தாளந்தான் தெரியும்.

எத்தல் வாட்டர்ஸ் செய்தது இன்னும் பெரிசு. ‘அண்டர்னீத் த ஹார்லெம் மூன்’ வெள்ளையர் எழுதிய பாட்டு. கருப்பர்களை வெளியே நின்று வேடிக்கை பார்த்து, இழிசொல்லும் போட்டு எழுதியது. அதை அவர் மாற்றிப் பாடுகிறார். இழிசொல் போச்சு, “அவர்கள்” போச்சு, “நாம்” வந்தாச்சு! படம் எடுத்தவனுக்கு இது உறைத்ததோ இல்லையோ. அதே 1933இல் பிராட்வே மேடையில், வெள்ளைக் கும்பல் கொன்றுபோட்ட கணவனை நினைத்தபடி பிள்ளைகளுக்குச் சோறு வைக்கும் மனைவியாக நின்று பாடியவரும் இவர்தான்.

தோழருக்கு அந்தப் பாட்டை மட்டும் மறுபடி ஓட்டிக் காட்டினேன். இந்தத் தடவை அவர் எழுந்து போகல.